டிஸ்க்ல இடம் இருக்கு ஆனா ஐநோடு தீந்துபோச்சு, சின்ன டிஸ்க்ல இதை எப்படி சமாளிக்கிறது

லினக்ஸ் மெஷின்ல டிஸ்க் பாதி காலியா இருக்குன்னு டிஎஃப் (டிஸ்க் இடத்தைக் காட்டுற கமாண்ட்) காட்டுது, ஆனா ஒரு துக்கடா டெக்ஸ்ட் ஃபைலை சேவ் பண்ணப் போனா "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"னு வருது, சர்வீஸ் எல்லாம் ஒவ்வொண்ணா படுத்துக்குது, சில நேரம் ஷெல்லே டெம்ப் ஃபைல் உருவாக்க முடியலன்னு சொல்லுது. இப்படி ஆச்சுன்னா தீந்தது ஐநோடு, அதாவது ஒவ்வொரு ஃபைலோட விவரத்தையும் டிஸ்க்ல குறிச்சு வைக்கிற பதிவு, அதனால நீங்க தேட வேண்டியது பெரிய ஃபைலை இல்ல, நிறைய ஃபைலை. இதை மனசுல வாங்கிக்கிட்டா மீதி வேலை பாதி முடிஞ்ச மாதிரி, ஏன்னா இந்தப் பிரச்சனையில மாட்டுறவங்க பெரும்பாலும் ஜிபி கணக்குல லாக் ஃபைலை அழிச்சு அழிச்சுப் பாத்து, ஒண்ணும் மாறலையேன்னு நேரத்தை விட்டுடுறாங்க.

கமாண்டுகளை இங்க உச்சரிப்புலயே எழுதுறேன், எழுத்து பெரிசா சின்னதான்னு முக்கியமான இடத்துல சொல்லிடுறேன். முதல்ல இதை அடிங்க:

டிஎஃப் -ஐ

ஐயூஸ்ங்கிற நெடுவரிசையில 100 சதவீதம்னு எந்த பார்ட்டிஷன் காட்டுதோ அதுதான் ஆளு. கெர்னல்ல இடம் தீந்தாலும் ஐநோடு தீந்தாலும் ஒரே எரர் தான், நம்பர் 28, அதனால எரர் மெசேஜை மட்டும் பாத்து எது தீந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா "டிஸ்க் கோட்டா எக்ஸீடட்"னு வந்தா அது வேற கதை, உங்க யூசருக்கு இடத்துலயோ ஃபைல் எண்ணிக்கையிலயோ வரம்பு போட்டிருக்காங்கன்னு அர்த்தம், அப்போ டிஎஃப்ல ஏராளமா ஐநோடு மிச்சம் இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது, கோட்டா கமாண்டை ஓட்டிப் பாருங்க.

சின்ன டிஸ்க்ல மட்டும் ஏன் இப்படி ஆகுது

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு வேணும். ஃபைலோட ஓனர், பர்மிஷன், சைஸ், நேரம், டேட்டா எந்த பிளாக்ல இருக்குங்கிற விவரம் எல்லாம் அதுலதான் இருக்கு, பேரு மட்டும் டைரக்டரிக்குள்ள இருக்கும். ஃபைல் மட்டும் இல்ல, டைரக்டரி ஒவ்வொண்ணும் ஒரு ஐநோடு, சிம்லிங்க் (வேற ஃபைலோட பாதையைக் காட்டுற லிங்க்) ஒவ்வொண்ணும் ஒரு ஐநோடு, சாக்கெட்டுக்கும் ஒண்ணு. ஜீரோ பைட் ஃபைலா இருந்தாலும் ஒண்ணு போயிடும்.

லினக்ஸ்ல வழக்கமா இருக்கிற ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துல (2, 3 கூட அப்படித்தான்) மொத்தம் எத்தனை ஐநோடுங்கிறது ஃபார்மேட் பண்ணும்போதே முடிவாயிடுது. டிஃபால்ட்டா 16384 பைட்டுக்கு ஒரு ஐநோடுன்னு கணக்கு போட்டு ஒதுக்குது, அதாவது 5 ஜிபி டிஸ்க்னா 3,27,680, 10 ஜிபின்னா 6,55,360. உங்க ஃபைல்களோட சராசரி சைஸ் 16 கேபிக்கு மேல இருந்தா இடம் முதல்ல தீரும், கீழ இருந்தா ஐநோடு முதல்ல தீரும், அவ்வளவுதான் விஷயம். சோர்ஸ் கோடு, செஷன் ஃபைல், நோடு மாட்யூல்ஸ், மெயில் இதெல்லாம் பெரும்பாலும் 16 கேபிக்கு ரொம்பக் கீழ. பெரிய டிஸ்க்லயும் பெரும்பாலும் இதே விகிதம் தான், ஆனா அங்க இன்னும் பல லட்சம் மிச்சம் இருக்கும், 5 ஜிபி ரூட் பார்ட்டிஷன்ல அந்த மிச்சம் கிடையாது.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. 512 எம்பிக்கு கீழ உள்ள டிஸ்க்கை எம்கேஎஃப்எஸ் (ஃபார்மேட் பண்ற கமாண்ட்) "ஸ்மால்" வகைன்னு எடுத்துக்கிட்டு 4096 பைட்டுக்கு ஒரு ஐநோடு குடுக்கும். அதனால 500 எம்பி பார்ட்டிஷன்ல ஏறக்குறைய 1,28,000 ஐநோடு கிடைக்கும், 1 ஜிபி பார்ட்டிஷன்ல வெறும் 65,536 தான் கிடைக்கும், பாதி சைஸ் டிஸ்க்ல ரெண்டு மடங்கு ஐநோடு. 1 ஜிபி, 2 ஜிபி, 5 ஜிபின்னு இருக்கிறவங்கதான் அதிகமா அடி வாங்குறாங்க, அதுக்குக் காரணம் இதுதான்.

டியூன்2எஃப்எஸ் (ஈஎக்ஸ்டி4 செட்டிங்கை மாத்துற கமாண்ட்) வெச்சு பின்னாடி கூட்டிக்கலாமேன்னு தோணும், முடியாது. அது ஐநோடோட சைஸை மாத்தும், எண்ணிக்கையை மாத்தாது. ரூட்டுக்குன்னு 5 சதவீதம் ஒதுக்கி வெச்சிருக்கே, அதைக் குறைச்சா வழி பிறக்குமான்னா அதுவும் இல்ல, அது பிளாக்குக்கு மட்டும்தான், ஐநோடுல ரூட்டுக்குன்னு தனி ஒதுக்கீடு எதுவும் கிடையாது, அதனால தீந்துபோனா ரூட்டாலயும் ஒரு ஃபைல் உருவாக்க முடியாது.

எங்க குவிஞ்சு கிடக்குன்னு கண்டுபிடிக்க

டியு --ஐநோட்ஸ் -எக்ஸ் -டி 1 / | சார்ட் -என்

கடைசி வரியில வர்றது மொத்தம், அதுக்கு மேல இருக்கிற டைரக்டரிக்குள்ள போய் இதையே திரும்ப ஓட்டுங்க, மூணு நாலு தடவையில இடம் தெரிஞ்சிடும். எக்ஸ் ஆப்ஷனை விட்டுடாதீங்க, அது இல்லாட்டி ப்ராக், சிஸ்னு வேற மவுண்ட் எல்லாத்துக்குள்ளயும் போய் தப்பான கணக்கைக் குடுக்கும். ஐநோட்ஸ் ஆப்ஷன் கோர்யூட்டில்ஸ் 8.22ல (2013) தான் வந்துச்சு, அதுக்கு முந்தின பழைய மெஷின்னா ஃபைண்ட் வெச்சு பண்ணணும்:

ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -பிரிண்ட்எஃப் '%ஹெச்\என்' | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்

இங்க லட்சக்கணக்குல வரி வரும், சார்ட்டுக்கு மெமரி பத்தலைன்னா டெம்ப் ஃபைல் எழுதப் பாக்கும், உங்ககிட்டதான் ஐநோடே இல்லையே, அதனால அங்கயே நின்னுடும். பெரிய எழுத்து டி ஆப்ஷன்ல /டெவ்/எஸ்ஹெச்எம்னு குடுத்துடுங்க, அது மெமரியில இருக்கிற தனி ஃபைல் சிஸ்டம், அதுக்கு ஐநோடு தனி.

அவசரம்னா இன்னொரு குறுக்கு வழி இருக்கு. ஈஎக்ஸ்டி4ல டைரக்டரிக்குள்ள ஃபைல் சேரச் சேர டைரக்டரியோட சொந்த சைஸ் வளரும், பொதுவா 4 கேபியா இருக்கிறது பல எம்பி ஆயிடும். ஃபைண்ட்ல டைப் டி, சைஸ் +1எம்னு குடுத்து தேடினா அந்த மாதிரி வீங்கின டைரக்டரி மட்டும் வரும். ஃபைல்களை அழிச்சதுக்கு அப்புறமும் அந்த சைஸ் பெரும்பாலும் குறையாது, அதனால வர்றதெல்லாம் இப்பவும் நிறைஞ்சிருக்குன்னு எடுத்துக்காதீங்க, ஒரு காலத்துல நிறைஞ்சிருந்துச்சுன்னு எடுத்துக்குங்க.

கூட்டிப் பாத்தா கணக்கு உதைக்குதா, டிஎஃப் 3 லட்சம்னு சொல்லுது, டியு 1 லட்சம்தான் காட்டுதா? ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, அழிச்ச ஃபைலை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வெச்சிருக்கு, அது மூடுற வரைக்கும் ஐநோடு திரும்ப வராது, எல்எஸ்ஓஎஃப் கமாண்டை +எல்1 (பெரிய எல்) குடுத்து ஓட்டினா யாருன்னு தெரியும், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. இன்னொண்ணு, மவுண்ட் பாயிண்டுக்கு அடியில பழைய ஃபைல் மாட்டிக்கிட்டு இருக்கும். ரூட்டை /எம்என்டில பைண்ட் மவுண்ட் பண்ணிப் பாத்தா மறைஞ்சிருக்கிறது வெளிய வந்துடும்.

வழக்கமா மாட்டுற இடங்கள்

பிஹெச்பி செஷன் டைரக்டரி, அதாவது /வார்/லிப்/பிஹெச்பி/செஷன்ஸ். டெபியன் வழி வந்ததுல கிரான் (குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டுறது) அல்லது டைமர் வந்து பழைய செஷனை அழிச்சிடும், ஆனா செஷன் பாத்தை நீங்க வேற இடத்துக்கு மாத்திட்டீங்கன்னா அதை யாரும் அழிக்காம போகலாம், பாட் (தானியங்கி ப்ரோகிராம்) ட்ராஃபிக் வர்ற சைட்ல ஒவ்வொரு ஹிட்டுக்கும் ஒரு செஷன்னு ஏறிக்கிட்டே போகும்.

அடுத்தது /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/மெயில்ட்ராப், சென்ட்மெயில்னா க்ளையண்ட்எம்க்யூ. மெயில் சர்வர் ஓடவே இல்ல, ஆனா நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுற கிரான் ஜாப் ஏதோ ஒரு வரி அவுட்புட் குடுக்குது, அந்த ஒரு வரியும் ஒரு மெயிலா க்யூல போய் உக்காருது, நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல. இதை அழிச்சா மட்டும் பத்தாது, கிரான்டேப்ல மெயில்டூவைக் காலியா வைங்க, இல்ல ஜாபோட அவுட்புட்டை ஒரே லாக் ஃபைலுக்குத் திருப்புங்க.

உபுண்டு, டெபியன்ல பழைய கெர்னல் ஹெடர்ஸ். /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சிக்குள்ள போய்ப் பாருங்க, ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயிரக்கணக்குல குட்டி குட்டி ஃபைல். 5 ஜிபி, 8 ஜிபி விபிஎஸ்ல (வாடகை வர்ச்சுவல் சர்வர்) அடிக்கடி பாக்கிற காரணம் இது. ஏப்ட் ஆட்டோரிமூவ் ஓட்டினா போயிடும், ஆனா ஐநோடு சுத்தமா தீந்திருந்தா டிபிகேஜிக்கே தன்னோட ஸ்டேட்டஸ் எழுத ஃபைல் உருவாக்க முடியாது, அப்போ முதல்ல செஷனோ மெயில்ட்ராப்போ யூசர் கேஷோ, பேக்கேஜ் மேனேஜருக்கு சம்பந்தமில்லாத எதையாவது சில நூறு அழிச்சுட்டு வந்து ஓட்டுங்க. ஹெடர்ஸ் டைரக்டரியை நேரா ஆர்எம் போட்டு தூக்காதீங்க, டிபிகேஜி அது இன்னும் இருக்குன்னே நெனச்சுக்கிட்டு இருக்கும், பின்னாடி டிகேஎம்எஸ் (கெர்னல் மாட்யூலை பில்ட் பண்ற கருவி) பில்ட் பண்ணும்போது உடையும்.

டெவலப்பர் மெஷின்னா நோடு மாட்யூல்ஸ், பைதான் வர்ச்சுவல் என்வ், கிட்ல லூஸ் ஆப்ஜெக்ட்ஸ், டாக்கர் இமேஜ் லேயர்ஸ். கிட்டைப் பொறுத்தவரை ஒரு கிட் ஜிசி ஓட்டினா ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்ட் ஃபைல் ஒண்ணு ரெண்டு பேக் ஃபைலா சுருங்கிடும். டாக்கருக்கு சிஸ்டம் ப்ரூன். குபர்நெட்டீஸ் நோடுன்னா இன்னும் கவனம் வேணும், ஐநோடு மிச்சம் 5 சதவீதத்துக்கு கீழ போனாலே குப்லெட் (நோடுல ஓடுற குபர்நெட்டீஸ் ஏஜென்ட்) டிஃபால்ட்டா பாட்களை (கன்டெய்னர் குழுக்களை) வெளியேத்த ஆரம்பிச்சிடும், அதனால இடம் நிறைய இருக்கே ஏன் பாட் சாகுதுன்னு மண்டையை உடைச்சுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க.

இப்போ எது உதவாதுங்கிறதையும் சொல்லணும். ஏப்ட் க்ளீன் பண்ணா நூத்துக்கணக்கான எம்பி வரும், ஐநோடு ஒரு கை எண்ணிக்கைதான் வரும். ஜர்னல்டி லாகைக் குறைக்கிறதும் அப்படித்தான், பெரிய ஃபைல், கொஞ்சம் எண்ணிக்கை. ஃபைலை கம்ப்ரெஸ் பண்ணாலும் ஒண்ணுக்கு ஒண்ணுதான், ஐநோடுல ஒரு லாபமும் இல்ல.

அழிக்கும்போது

லட்சக்கணக்குல ஃபைல் இருக்கிற டைரக்டரியில ஆர்எம் ஸ்டார் போட்டா "ஆர்க்யூமெண்ட் லிஸ்ட் டூ லாங்"னு திருப்பி அனுப்பிடும். எல்எஸ் கூட மணிக்கணக்கா நிக்கிற மாதிரி தெரியும், அது எல்லாத்தையும் படிச்சு வரிசைப்படுத்திட்டுத்தான் காட்டும், எல்எஸ் -எஃப்னு சின்ன எஃப் போட்டா வரிசைப்படுத்தாம உடனே கொட்டும், அதை ஹெட்டுக்குள்ள விட்டு முதல் பத்து இருபது பேரைப் பாத்துக்குங்க. அழிக்கிறதுக்கு:

ஃபைண்ட் /வார்/லிப்/பிஹெச்பி/செஷன்ஸ் -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -எம்டைம் +7 -டிலீட்

டிலீட் எப்பவும் கடைசியில தான் வரணும். ஃபைண்ட் இடமிருந்து வலமா ஒவ்வொரு நிபந்தனையா பாக்கும், டிலீட்டை முதல்ல போட்டீங்கன்னா எந்த நிபந்தனையும் பாக்காம அந்த டைரக்டரி முழுசையும் துடைச்சிடும். அதனால முதல்ல டிலீட்டுக்குப் பதிலா பிரிண்ட் போட்டு ஓட்டிப் பாருங்க, சரியா இருக்குன்னு கண்ணால பாத்ததுக்கு அப்புறம் மாத்துங்க. இது நேரம் மிச்சம் பிடிக்கிற இடம் இல்ல.

டைரக்டரி முழுசும் வேண்டாம்னா இன்னும் சுலபம், பேரை மாத்தி வெச்சுட்டு அதே ஓனர், பர்மிஷனோட புதுசா ஒண்ணு உருவாக்குங்க (ஒரு ஐநோடாவது மிச்சம் இருக்கணும், இல்லாட்டி உள்ள ஒரு ஃபைலை அழிச்சுக்குங்க), சர்வீஸ் உடனே எழுந்துக்கும், பழசை நிதானமா ஐஓநைஸ் (டிஸ்க் முன்னுரிமையைக் குறைக்கிற கமாண்ட்) போட்டு பின்னணியில அழிச்சுக்கலாம். வீங்கிப் போன டைரக்டரி சைஸும் இதுல சரியாயிடும்.

அழிக்க ஒண்ணும் இல்ல, எல்லாமே வேணும்னா

சிக்கலான நிலைமை இதுதான், நான் இந்தக் கட்டுரை எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். டிஸ்க்ல 2 ஜிபி காலி இருக்கு, ஐநோடு இல்ல, திரும்ப ஃபார்மேட் பண்ண வழி இல்ல. அப்போ அந்தக் காலி இடத்துக்குள்ளயே இன்னொரு ஃபைல் சிஸ்டம் கட்டிடலாம். வெளிய பாத்தா அது ஒரே ஒரு ஃபைல், ஒரே ஒரு ஐநோடு, உள்ள லட்சக்கணக்குல ஃபைல் வைக்கலாம்.

ஃபாலொகேட் -எல் 1500எம் /வார்/குட்டி.ஐஎம்ஜி
எம்கேஎஃப்எஸ்.ஈஎக்ஸ்டி4 -ஐ 4096 -எம் 0 /வார்/குட்டி.ஐஎம்ஜி
மவுண்ட் -ஓ லூப் /வார்/குட்டி.ஐஎம்ஜி /எம்என்டி

இங்க ஐ சின்ன எழுத்து, பெரிய எழுத்து போட்டா அது ஐநோடு சைஸ், ரெண்டையும் குழப்பிடாதீங்க. 4096னா 1500 எம்பிக்குள்ள 3,84,000 ஐநோடு கிடைக்கும். ஒவ்வொண்ணும் 256 பைட், அதனால அந்த டேபிளுக்கே 6.25 சதவீத இடம் போயிடும், டிஃபால்ட் 16384ல அது 1.6 சதவீதம்தான், இந்த விலை குடுத்துத்தான் ஆகணும். 4096க்கு கீழ போறதுல பிரயோஜனம் இல்ல, பிளாக்கே 4096 பைட், ஒரு ஃபைல் குறைஞ்சது ஒரு பிளாக் எடுத்துக்கும், அப்புறம் ஐநோடு மிஞ்சும் இடம் தீந்துடும். எல்லாமே 1 கேபிக்கு கீழ உள்ள ஃபைல்னா பிளாக் சைஸையே 1024 ஆக்கி ஐயையும் குறைக்கலாம், செஷன் ஃபைலுக்கு இது ரொம்ப நல்லாவே வேலை செய்யும்.

ட்ரங்கேட் போட்டு ஸ்பார்ஸ் ஃபைலா (இடத்தை முன்கூட்டியே பிடிக்காத ஃபைல்) உருவாக்கலாமேன்னு சொல்வாங்க, வேகமா ஆகும்தான், ஆனா வெளி டிஸ்க் நிறைஞ்சுடுச்சுன்னா உள்ள இருக்கிற ஃபைல் சிஸ்டம் தனக்கு இடம் இருக்குன்னு நம்பி எழுதி ஐஓ எரர் வாங்கி கெட்டுப்போகும். சின்ன டிஸ்க்ல அந்த ரிஸ்க் வேண்டாம், ஃபாலொகேட்டே போடுங்க.

அப்புறம் சர்வீஸை நிறுத்துங்க, ஆர்சிங்க்கை ஏ, பெரிய ஹெச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் ஆப்ஷனோட ஓட்டி டைரக்டரியை உள்ள காப்பி பண்ணுங்க (ஹெச் இல்லாட்டி ஹார்டுலிங்க், அதாவது ஒரே ஐநோடுக்கு இருக்கிற பல பேரு, எல்லாம் தனித்தனி ஃபைலாகி எண்ணிக்கை எகிறிடும்), சரியா வந்துச்சான்னு பாருங்க, பழைய டைரக்டரியைக் காலி பண்ணிட்டு அந்த இடத்துல இமேஜை மவுண்ட் பண்ணுங்க. காலி பண்ணாம மேல மவுண்ட் பண்ணிட்டீங்கன்னா பழசு அடியில மறைஞ்சு அதே ஐநோடைத் தின்னுக்கிட்டுத்தான் இருக்கும். எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எதை மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) லூப், நோஃபெயில் ரெண்டையும் போட்டு ஒரு வரி சேத்துடுங்க, அதோட பேக்கப்பும் எடுத்து வைங்க, ஏன்னா ஒரு ஃபைல் கெட்டா உள்ள இருக்கிற அத்தனையும் போச்சு. மவுண்ட் ஆகியிருக்கும்போது இமேஜ் ஃபைலை அப்படியே காப்பி எடுக்காதீங்க, உள்ள இருக்கிற ஃபைலை எடுங்க.

மாறவே மாறாத டேட்டான்னா (பழைய ப்ராஜெக்ட், டாக்குமெண்டேஷன், சோர்ஸ் ட்ரீ) ஸ்குவாஷ்எஃப்எஸ் இன்னும் நல்லது. எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ் போட்டா எல்லாம் ஒரே ஃபைலா சுருங்கி கம்ப்ரெஸும் ஆகும், மவுண்ட் பண்ணி வழக்கம்போல படிக்கலாம், எழுத மட்டும் முடியாது. 2009லேயே கெர்னலுக்குள்ள வந்துட்ட விஷயம், 2.6.29ல இருந்து, தாராளமா நம்பலாம். டாரும் எண்ணிக்கையைக் குறைக்கும்தான், ஆனா உள்ள இருக்கிற ஒரு ஃபைலைப் படிக்க ஒவ்வொரு தடவையும் பிரிக்கணும்.

ஒரே மாதிரி ஃபைல் பல இடத்துல இருந்தா ஹார்டுலிங்க் ஆக்கலாம், பத்து பேரு ஒரே ஐநோடு. யூட்டில்-லினக்ஸ்ல ஹார்டுலிங்க்னே ஒரு கமாண்ட் இருக்கு. சிம்லிங்க்ல இந்த லாபம் இல்ல, ஒவ்வொரு லிங்க்குக்கும் தனி ஐநோடு. ஒண்ணுல எடிட் பண்ணா மத்ததுலயும் மாறலாம்ங்கிறதால படிக்க மட்டும் வெச்சிருக்கிற ஃபைலுக்கு மட்டும் இதைப் பண்ணுங்க. ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட் நிறைய வெச்சிருந்தா பிஎன்பிஎம்ங்கிற பேக்கேஜ் மேனேஜர் இதே வேலையைத் தானா செய்யும், யார்ன்ங்கிற இன்னொரு பேக்கேஜ் மேனேஜரோட ப்ளக் அண்ட் ப்ளே முறை இன்னும் ஒரு படி மேல, பேக்கேஜை ஜிப்பாவே வெச்சுக்கும், நோடு மாட்யூல்ஸ் டைரக்டரியே இருக்காது.

டிஸ்க்கைப் பெருசாக்கவோ திரும்ப ஃபார்மேட் பண்ணவோ முடிஞ்சா

பார்ட்டிஷனையோ எல்விஎம் வால்யூமையோ வளத்துட்டு ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினா ஐநோடும் சேந்தே வளரும், ஏன்னா ஒவ்வொரு பிளாக் க்ரூப்பும் தன் பங்கு ஐநோடோட வரும். விகிதம் பழசுதான் இருக்கும், அதனால 1 ஜிபி கூட்டினா 65,536 தான் கிடைக்கும், இடம் வேண்டாம் ஐநோடு மட்டும் வேணும்ங்கிறவங்களுக்கு இது வீண் செலவு, லூப் இமேஜே மேல்.

ஃபார்மேட் பண்றதா இருந்தா முதல்ல எம்கேஎஃப்எஸ்ல சின்ன என் ஆப்ஷன் போட்டு ஓட்டுங்க, டிஸ்க்கைத் தொடாம எத்தனை ஐநோடு வரும்னு மட்டும் சொல்லும். பெரிய எழுத்து என் போட்டா அது எண்ணிக்கையை நேராக் குடுக்கிறது, அது நிஜமாவே ஃபார்மேட் பண்ணிடும், இந்த ஒரு எழுத்துல ரொம்ப ஜாக்கிரதை. பழைய யூயூஐடியை பெரிய யூ ஆப்ஷன்ல குடுத்துட்டா எஃப்எஸ்டேபை மாத்த வேண்டியதில்ல.

வேற ஃபைல் சிஸ்டத்துக்குப் போகலாம்னா எக்ஸ்எஃப்எஸ் ஐநோடைத் தேவைக்கு ஏத்த மாதிரி உருவாக்கிக்கும், 1 டிபிக்கு கீழ உள்ள டிஸ்க்ல 25 சதவீத இடம் வரைக்கும் ஐநோடுக்குப் போகலாம், அந்த வரம்பை எக்ஸ்எஃப்எஸ் க்ரோஎஃப்எஸ் வெச்சு மவுண்ட்ல இருக்கும்போதே மாத்தலாம். ஆனா எக்ஸ்எஃப்எஸ் ப்ராக்ஸ் 5.19ல இருந்து 300 எம்பிக்கு கீழ உருவாக்கவே விடாது. பிடிஆர்எஃப்எஸ்ல ஐநோடு எண்ணிக்கைன்னே ஒண்ணு இல்ல, டிஎஃப் -ஐல ஜீரோன்னு காட்டும், பயப்படாதீங்க, அதுக்குப் பதிலா மெட்டாடேட்டா இடம் தீர்ற பிரச்சனை அங்க உண்டு, 1 ஜிபிக்கு கீழன்னா மிக்ஸ்டு மோடுல ஃபார்மேட் பண்ணுங்க. என்னைக் கேட்டா சில ஜிபி சர்வருக்கு 8192 விகிதத்துல ஈஎக்ஸ்டி4 போதும், டேபிளுக்கு 3 சதவீதம்தான் போகும்.

டெம்ப்எஃப்எஸ்ல (மெமரியில இருக்கிற ஃபைல் சிஸ்டம்) தீந்தா மட்டும் கவலையே இல்ல, ரீமவுண்ட் பண்ணும்போது என்ஆர்_ஐநோட்ஸ்னு ஒரு எண்ணைக் குடுங்க, அப்பவே கூடிடும்.

கடைசியா, உங்க மானிட்டரிங்ல இடத்துக்கு மட்டும் அலெர்ட் வெச்சிருந்தா இன்னைக்கே ஐநோடுக்கும் ஒண்ணு சேருங்க, 80 சதவீதத்துல மெசேஜ் வர்ற மாதிரி. டிஎஃப்ல --அவுட்புட்=ஐபிசென்ட்னு குடுத்தா அந்த ஒரு நெடுவரிசை மட்டும் தலைப்போட தனியா வரும், ஸ்கிரிப்ட்ல போட வசதி. செஷன், கேஷ் மாதிரி குவியுற டைரக்டரிக்கு சிஸ்டம்டி டெம்ப்ஃபைல்ஸ்ல வயசு வரம்பு போட்டு வெச்சா பழசு தானா அழிஞ்சிடும்.